எழுபது மீட்டர் வயரும் ஒரு கோடை இடியும்

சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மழை பெயருக்கு நாலு தூறல் போட்டது, இடி மட்டும் மனசாரக் கொடுத்துவிட்டுப் போனது. மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே போன்.

"தம்பி, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எடை வரலையாம். இங்க பொட்டியில ஓடுது. அங்க வரல."

பேசியது புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அவர் பெட்டி என்று சொல்வது இண்டிகேட்டரை, அதாவது மேடைக்கு அடியில் பாரத்தை உணரும் லோடு செல்களிலிருந்து வரும் மில்லிவோல்ட்டை வாங்கிக் கிலோவாகக் காட்டும் கருவியை. "இடி இடிச்சப்ப பின்னாடி வயரைப் புடுங்குனீங்களாக்கா?" என்று கேட்டேன். "லாரி மேடையில நின்னுச்சு தம்பி, எப்படிப் புடுங்க?" என்றார். அத்தோடு எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூன்றாவது தடவை.

இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியிலிருந்து கோட்டையூர் தாண்டிப் புதுவயல் பக்கம் போனால் அரிசி ஆலைகள்தான். இந்த ஆலையில் வாசலை ஒட்டி எடை மேடை, அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அறைக்குள் அக்கா, ஒரு மேசை, இண்டிகேட்டர். பில் போடும் கம்ப்யூட்டர் இருப்பது ஆபீஸில். நடுவே நெல் காயும் களம் முழுக்கக் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே யாரோ ஒரு காலத்தில் பிவிசி குழாய்க்குள் மூன்று இழைக் கேபிளைப் புதைத்து, இண்டிகேட்டரின் சீரியல் போர்ட்டையும் (தரவை 0, 1 என ஒவ்வொன்றாக அனுப்பும் பழைய ரக இணைப்பு) கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டையும் நேரடியாக இணைத்திருந்தார்கள். குழாயின் நீளம் எழுபது மீட்டர் வரும்.

முதல் தடவை கம்ப்யூட்டரின் சீரியல் கார்டு போனது. மாற்றினேன். இரண்டாம் தடவை இண்டிகேட்டரின் உள்போர்டே போய்விட்டது. அதுதான் பெரிய கூத்து. வியாபாரத்துக்கு எடை போடும் கருவிக்கு முத்திரைச் சீல் உண்டு. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 இருக்கிறது, நம் இஷ்டத்துக்குத் திறந்து மூட முடியாது. போர்டை மாற்றி, அளவு சரிபார்த்து, முத்திரை ஆய்வாளர் வந்து திரும்ப முத்திரை வைக்கும்வரை லாரிகளெல்லாம் பக்கத்து ஆலை மேடைக்குப் போய்க் காசு கொடுத்து எடை போட்டு வந்தன. இந்த மூன்றாம் தடவை மறுபடி ஆபீஸ் பக்கக் கார்டு. கழற்றிப் பார்த்தால் போர்ட்டுக்குப் பக்கத்திலிருந்த சில்லின் தலையில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை, சுற்றிலும் கரி.

கார்டைக் கையில் வாங்கிப் பார்த்த முதலாளி அண்ணன், "இன்னொன்னு வாங்கி மாட்டிராத. இந்த வயரே வேணாம். வேற என்ன வழின்னு பாரு" என்றார். புதிதாக ஒன்றைச் செய்துபார்க்க வாடிக்கையாளரே அனுமதி கொடுப்பது எங்கள் தொழிலில் அபூர்வம். விடுவேனா?

முதலில் இந்தப் போர்ட் ஏன் இப்படிச் சாகிறது என்று பார்ப்போம். இந்தச் சீரியல் போர்ட் பின்பற்றும் ஆர்எஸ்-232 என்பது 1960-இல் வந்த தரம். அதில் ஒவ்வொரு சைகையும் ஒரு பொதுத் தரைக் கம்பியை வைத்தே அளக்கப்படுகிறது. அந்தக் கம்பியைவிட மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை இருந்தால் 1, பிளஸ் 3 முதல் 15 வரை இருந்தால் 0. ஒரே மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நல்ல ஏற்பாடுதான். எழுபது மீட்டர் தள்ளி வேறு கட்டடத்தில் வேறு எர்த் குழியோடு இருக்கும் கருவிக்கு இது ஆகாது. பழைய கேபிளின் தரைக் கம்பியை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, ஆபீஸ் எர்த்துக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். அறைப் பக்கம் கம்பியை அந்த அறையின் எர்த்தில் கட்டச் சொன்னேன். ஆலை மோட்டார்கள் ஓடும்போது 9 வோல்ட் ஏசி காட்டியது. இடி மின்னல் எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே இந்த 9 வோல்ட்டும் அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் சமன் ஆகப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் மின்னல் விழும் நொடியில் இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரக்கணக்கில் எகிறும். அதற்கும் அதே கம்பிதான் பாதை. கடைசியில் ஒரு சில்லின் நெஞ்சில் போய் முடிகிறது.

அந்தத் தரத்துக்குப் பொதுவாகச் சொல்லும் தூரமே 15 மீட்டர்தான். எழுபது மீட்டரில் இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம் 2400 பாட், அதாவது நொடிக்கு 2400 பிட் என்ற ஆமை வேகம். வேகம் குறைந்தால் கேபிளின் மின்தேக்கம் சைகையை மழுக்குவதற்கு இடம் குறைவு.

மாற்று வழிகளில் ஆர்எஸ்-485 ஒன்று. இரண்டு கம்பிக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அளக்கும் முறை, 1200 மீட்டர் வரை போகும். இரு பக்கமும் ஒரு மாற்றி வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் செம்புக் கம்பி செம்புக் கம்பிதான், மின்னலுக்கு அதே பாதையைத் திரும்பப் போட்டுக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான் தேர்ந்தெடுத்தது சீரியல் போர்ட்டை ஈத்தர்நெட்டாக மாற்றும் பெட்டி. டிவைஸ் சர்வர் என்றும் சொல்வார்கள், கடையில் சீரியல் டு லேன் கன்வெர்ட்டர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒரு பக்கம் ஒன்பது பின் சீரியல், இன்னொரு பக்கம் லேன் சாக்கெட். உள்ளே ஒரு குட்டி கம்ப்யூட்டர். சீரியலில் வரும் பைட்டுகளை எடுத்து, டிசிபி என்ற நெட்வொர்க் முறைப்படி பாக்கெட்டில் வைத்து அனுப்பும், எதிர்ப்பக்கம் வருவதைச் சீரியலில் கொட்டும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

லேன் கேபிளும் செம்புதானே என்று கேட்கலாம். ஈத்தர்நெட் சாக்கெட்டுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, இரு பக்கத் தரையும் ஒன்றோடொன்று தொடாது. 1500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது கணக்கு. அந்த 9 வோல்ட் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஆனால் மின்னல் 1500-இல் நிற்கப்போவதில்லை. நான் ஈத்தர்நெட்டுக்குப் போனதற்கு உண்மையான காரணம், ஈத்தர்நெட் ஆகிவிட்டால் அதை ஃபைபரில் ஏற்றலாம். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது.

ஃபைபர் இழுக்க ஊரில் ஆள் பஞ்சமில்லை, வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் கொடுக்கும் கேபிள்காரத் தம்பியே வந்து இழுத்தான். இரண்டு முனையிலும் ஈத்தர்நெட்டை ஒளியாகவும் ஒளியை ஈத்தர்நெட்டாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர். ஒரே இழையில் போக்குவரத்து என்பதால் ஒரு பெட்டி 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது நேர்மாறு. ஜோடியாக வாங்க வேண்டும். நான் அவசரத்தில் இரண்டும் ஒரே ரகமாக வாங்கிவிட்டு, லைட் எரியவில்லையே என்று அரை மணி நேரம் தம்பியின் ஒட்டு வேலையைக் குறை சொன்னேன். அவன் பொறுமையாகப் பெட்டிகளின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினான்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இழுக்கிற அந்தத் தட்டைக் கறுப்புக் கேபிளில் கம்பத்தில் தொங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். மின்னலுக்குப் பயந்து ஃபைபர் போட்டுவிட்டு, அதன் கூடவே இரும்புக் கம்பியை இரண்டு பெட்டிவரைக்கும் கொண்டுபோய் விடுவது, வாசலைப் பூட்டிச் சாவியை வெளியே தொங்கவிட்டதற்குச் சமம். இரண்டு முனையிலும் கட்டடத்துக்கு வெளியிலேயே இரும்பை உரித்து வெட்டிவிடச் சொன்னேன். "யாரும் இப்படிக் கேட்டதில்லண்ணே" என்றான், ஆனால் செய்தான்.

இனி சீரியல் பெட்டியோடு பட்ட பாடு.

புதுப் பெட்டிக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி எழுதித்தான் வரும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு எண். மோக்ஸா பெட்டிகளில் 192.168.127.254 என்று இருக்கும். நம் ஆபீஸ் நெட்வொர்க் வேறு வரிசையில் இருந்தால் பெட்டி கண்ணுக்கே தெரியாது. லேப்டாப்புக்குத் தற்காலிகமாக அதே வரிசையில் ஓர் எண் கொடுத்து, நேராகக் கேபிள் போட்டு உள்ளே நுழைந்து, ஆபீஸ் வரிசையில் நிரந்தர ஐபி கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தானாக ஐபி வாங்கும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. ரவுட்டர் ஒருநாள் வேறு எண் கொடுத்தால் அன்றைக்கு நெல் லாரி வாசலில் நிற்கும்.

இண்டிகேட்டரின் கையேடு எப்போதோ கரையானுக்குப் போயிருந்தது. எந்தப் பின்னில் தரவு வருகிறது என்று மல்டிமீட்டரில்தான் பார்த்தேன். ஐந்தாம் பின் தரை. அதற்கு எதிராக இரண்டையும் மூன்றையும் அளந்தால், அனுப்பும் பின்னில் மைனஸ் வோல்ட் நிற்கும், வாங்கும் பின்னில் பூஜ்யம் பக்கத்தில் இருக்கும். இங்கே ஒன்றில் மைனஸ் 6, 7 என்று ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் என்றால் கேட்காமலேயே விடாமல் அனுப்பும் ரகம். நல்லது.

அப்புறம் வேகம். 9600-இல் வைத்தால் குப்பை, 4800-இலும் குப்பை. 2400 வைத்ததும் திரையில் வரிசையாக 000000 என்று ஓட ஆரம்பித்தது. மேடை காலி. இண்டிகேட்டரிலும் பூஜ்யம். அக்காவிடம் "வந்திருச்சுக்கா" என்று சொல்லி டீ குடிக்கப் போனேன். வரிகள் பிரியாமல் பூஜ்யங்கள் ஒரே நீளமாக ஓடியதைப் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே நின்று யோசித்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

டீ குடித்து வந்தால் நெல் லாரி ஒன்று மேடையில் நிற்கிறது. இண்டிகேட்டரில் 18,420. என் திரையில் முதலில் ஒரு பூஜ்யம், கடைசியில் ஒரு பூஜ்யம், நடுவில் நாலு கிறுக்கல். லாரி உள்ளே போய் நெல்லை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி மேடையேறியது. இண்டிகேட்டரில் 9,560. என் திரையில் 009560, அட்சரம் பிசகவில்லை.

சரி, பாரம் ஏறினால்தான் கிறுக்குகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். காலி மேடை சரி, காலி லாரி சரி, நெல் லாரி மட்டும் தப்பு. மேடை அதிர்வா, லோடு செல்லின் ஜங்ஷன் பாக்ஸில் ஈரமா, இண்டிகேட்டருக்கு மின்சாரம் போதவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இண்டிகேட்டரின் கண்ணாடியில் எண் சரியாகவே நிற்கிறதே என்பதுகூட அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

கண் திறந்தது மூன்றாவது வண்டியில். தவிடு ஏற்றிய லாரி, 21,350. திரையில் 0, அப்புறம் இரண்டு கிறுக்கல், அப்புறம் தெளிவாக 350. ஒரு தாளை எடுத்து எந்த எண் ஒழுங்காக வருகிறது, எது வரவில்லை என்று எழுதினேன். ஒழுங்காக வந்தவை 0, 3, 5, 6, 9. கிறுக்கியவை 1, 2, 4, 8. ஏழு இன்னும் வரவில்லை. இது பாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம், எண்ணின் சாதகத்திலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் '0' என்ற எழுத்தின் எண் 48. இரண்டடிமானத்தில் 0110000, அதில் இரண்டு 1. '3' என்பது 0110011, நாலு 1. 5, 6, 9 மூன்றிலும் நாலு. '1', '2', '4', '8' எல்லாவற்றிலும் மூன்று, '7'-இல் ஐந்து. அதாவது ஒற்றைப்படை. இண்டிகேட்டர் அனுப்புவது ஏழு பிட் தரவு, கூடவே 1-களின் மொத்தத்தை இரட்டைப்படையாக்க ஒரு பாரிட்டி பிட். நான் பெட்டியில் வைத்திருந்தது எட்டு பிட், பாரிட்டி இல்லை. இரண்டுக்கும் ஆரம்ப பிட், முடிவு பிட் சேர்த்து மொத்தம் பத்துதான், அதனால் பெட்டிக்குச் சந்தேகமே வரவில்லை. பாரிட்டி பிட்டை எட்டாவது தரவு பிட்டாக எடுத்துக்கொண்டது. 1-கள் இரட்டைப்படையாக இருக்கும் எழுத்துகளுக்குப் பாரிட்டி 0, ஒன்றும் மாறாது. ஒற்றைப்படையாக இருப்பவற்றுக்கு 128 கூடிவிடும். 49 ஆக வர வேண்டிய '1', 177 ஆக வந்து கிறுக்கும். வரி முடிவுக் குறியான 13-இலும் மூன்று 1 இருப்பதால் அது 141 ஆகிவிட்டது. பூஜ்யங்கள் வரி பிரியாமல் ஓடியதற்கு அதுதான் காரணம்.

9,560-இல் இருப்பவை எல்லாம் நல்ல பிள்ளைகள். 18,420-இல் கடைசிப் பூஜ்யத்தைத் தவிர அத்தனையும் கெட்ட பிள்ளைகள். தற்செயல் என்னை நன்றாகவே ஏமாற்றியது.

பெட்டியில் ஏழு பிட், ஈவன் பாரிட்டி, ஒரு முடிவு பிட் என்று மாற்றினேன். எல்லாம் பால் போல வந்தது. அப்புறம் ஆபீஸுக்குப் போய்ப் பழைய பில் மென்பொருளின் செட்டிங் பக்கத்தைத் திறந்தால், அங்கே 2400, ஈவன், 7, 1 என்று வருடக்கணக்காக எழுதியே இருக்கிறது. இதை முதலாளி அண்ணனிடம் சொல்லவில்லை.

அடுத்த தலைவலி பில் மென்பொருள். அதற்குத் தெரிந்தது காம் போர்ட் (சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைக்கும் பெயர்) மட்டும்தான், ஐபி என்றால் என்னவென்றே தெரியாது. இதற்குத்தான் பெட்டியோடு விர்ச்சுவல் காம் போர்ட் மென்பொருள் கொடுக்கிறார்கள். விண்டோஸில் இல்லாத ஒரு சீரியல் போர்ட்டை இருப்பதாகக் காட்டும். போர்ட்டின் வேகத்தையும் பாரிட்டியையும் நெட்வொர்க் வழியாகவே மாற்றுவதற்கு 1997-இலேயே ஆர்எஃப்சி 2217 என்று ஒரு பொது வழக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டி அதை ஆதரித்தால் கம்பெனியின் சொந்த மென்பொருளையே நம்பியிருக்க வேண்டியதில்லை.

மாட்டினேன். எடை வந்தது. முதல் பில் 18,420 கிலோவுக்குப் பதில் 1,842 கிலோ என்று அச்சானது. கணக்குப்பிள்ளை ஐயா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "நெல்லு வண்டியில வந்துச்சா, பையில வந்துச்சா?" என்றார்.

சீரியலுக்கும் நெட்வொர்க்குக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இங்கேதான் கடிக்கிறது. இந்த இண்டிகேட்டரின் ஒரு செய்தி எட்டு எழுத்து. தொடக்கக் குறி 2, ஆறு இலக்கம், முடிவுக் குறி 13. 2400 பாட்டில் ஒரு நொடிக்கு 240 எழுத்து, ஆக ஒரு செய்தி வந்து முடிய 33 மில்லி நொடி ஆகும். பெட்டியோ வந்த பைட்டை வந்தபடியே அனுப்பும் நிலையில் இருந்தது. ஈத்தர்நெட்டில் ஒரு சட்டகத்தின், அதாவது ஒரு தடவை அனுப்பும் பொட்டலத்தின், குறைந்தபட்ச அளவே 64 பைட். ஒற்றை ஆளை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்புவதுபோல ஒரு பைட்டும் இரண்டு பைட்டும் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன. பழைய மென்பொருள், கையில் கிடைத்த துண்டையே முழுச் செய்தி என்று நம்பி, கடைசிப் பூஜ்யம் வருவதற்குள் பில் போட்டுவிட்டது.

இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே கானாடுகாத்தானில் படித்திருக்க வேண்டும். அங்கே ஒரு பெரிய வீட்டை விடுதியாக்கியிருந்தார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகளின் மின் மீட்டர்களையெல்லாம் ஆர்எஸ்-485 கம்பியில் கோத்து, இதே மாதிரிப் பெட்டி வழியாகப் படிக்கும் வேலை. அந்தச் சுவர்களின் கனத்துக்கு வைஃபை பேச்சே எடுபடவில்லை, பட்டாலையில் இருக்கும் சிக்னல் இரண்டாம் கட்டில் இருக்காது. மீட்டர்கள் பேசியது மோட்பஸ் ஆர்டியு, இந்த மாதிரிக் கருவிகள் சீரியலில் பேசும் ஒரு பாஷை. அதில் முடிவுக் குறி என்று எதுவும் கிடையாது. மூன்றரை எழுத்து நேரம் அமைதியாக இருந்தால் செய்தி முடிந்தது என்று அர்த்தம். 9600-இல் அது சுமார் 4 மில்லி நொடி. நெட்வொர்க்கில் ஏறி இறங்கும்போது அந்த அமைதி கலைந்துவிடும். மீட்டர் பதில் சொன்னாலும் மென்பொருள் பாதியை வாங்கிக்கொண்டு தப்பு என்று தள்ளிவிடும். அங்கே மோட்பஸ் தெரிந்த பெட்டியாக மாற்றினோம், அது முழுச் செய்தியை வாங்கி மோட்பஸ் டிசிபியாக மாற்றிக் கொடுத்துவிடும். பைட்டை அப்படியே கடத்தும் பெட்டிக்கும், பேசும் பாஷையே தெரிந்த பெட்டிக்கும் விலையில் வித்தியாசம் உண்டு, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பாஷை எளிது, 13 வந்தால் செய்தி முடிந்தது. பெட்டியின் அமைப்பில் முடிவுக் குறி என்ற இடத்தில் 13-ஐக் கொடுத்தேன். 13 வரும்வரை சேர்த்து வைத்து எட்டையும் ஒன்றாக அனுப்பியது. பில் சரியாக வந்தது, கணக்குப்பிள்ளை ஐயாவும் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

எனக்கு மட்டும் திருப்தி இல்லை. டிசிபி என்பது வாய்க்கால் மாதிரி, பைட்டுகள் வரிசை மாறாமல் வரும் என்று மட்டுமே உறுதி தரும். எங்கே வெட்டிக் கையில் கொடுக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. இன்று எட்டு எட்டாக வருவது வாய்க்காலில் நெரிசல் இல்லாததால். என்றைக்காவது இரண்டு செய்தி ஒட்டிக்கொண்டு வரலாம், அல்லது ஒன்று இரண்டாக உடையலாம். பணம் சம்பந்தப்பட்ட இடம். அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பைத்தானில் ஒரு நாற்பது வரி எழுதினேன். பெட்டியோடு நேராக இணைந்து பைட்டுகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். 2-இல் தொடங்கி, நடுவில் ஆறு இலக்கம் மட்டுமே இருந்து, 13-இல் முடிந்தால்தான் செய்தி. ஒரே எடை ஐந்து தடவை தொடர்ந்து வந்தால்தான் பில் மென்பொருளுக்குத் தள்ளும். காம்0காம் என்ற இலவச மென்பொருள் இரண்டு போலி காம் போர்ட்டுகளை முதுகோடு முதுகாக ஒட்டித் தரும். ஒன்றில் என் நிரல் எழுதும், மற்றதில் பில் மென்பொருள் படிக்கும். பெட்டியோடு வந்த விர்ச்சுவல் போர்ட் மென்பொருளை நீக்கிவிட்டேன்.

ஒரு வாரம் ஓடியது. அப்புறம் ஒரு மத்தியானம் மறுபடி போன். கரண்ட் போய் வந்ததிலிருந்து எடை அப்படியே நிற்கிறதாம்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் உண்டு. வாசல் அறைப் பெட்டிகளுக்குக் கிடையாது. கரண்ட் போனதும் சீரியல் பெட்டி பொத்தென்று செத்தது, போய்வருகிறேன் என்று சொல்ல அதற்கு நேரமில்லை. டிசிபியில் எதிராளி விடைபெறாமல் செத்தால், நாம் ஏதாவது அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். என் நிரலோ கேட்பதோடு சரி, ஒரு பைட்கூட அனுப்புவதில்லை. இணைப்பு உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டு, வராத எடைக்காகச் சாகும்வரை காத்திருக்கும். பழைய வயரில் இப்படி ஒரு வியாதியே கிடையாது. அங்கே இணைப்பு என்ற சங்கதியே இல்லை, வோல்ட் வந்தால் தரவு, வராவிட்டால் இல்லை.

இந்த இண்டிகேட்டர் நொடிக்குப் பத்துத் தடவை எடை சொல்லிக்கொண்டே இருப்பது என் அதிர்ஷ்டம். மூன்று நொடி மௌனம் என்றாலே ஏதோ கோளாறு. அப்படியானால் இணைப்பை அறுத்துவிட்டுப் புதிதாக இணை என்று நாலு வரி சேர்த்தேன். எதிர்ப்பக்கமும் இதே நோய் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரை யாராவது பொத்தானை அழுத்தி அணைத்தால், பெட்டி பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு புதியதை உள்ளே விடாது, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பது அதன் இயல்பான அமைப்பு. எதிராளி உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கும் நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தேன். வாசல் அறையில் வைஃபை ரவுட்டருக்கு வைக்கிற குட்டி யுபிஎஸ் ஒன்றும் வைத்தாகிவிட்டது.

இந்தப் பெட்டிகளின் இன்னொரு பக்கத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பெட்டியின் டிசிபி போர்ட்டுக்குப் பெரும்பாலும் கடவுச்சொல் கிடையாது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் ஐபியைத் தெரிந்துகொண்டு இணையலாம். சீரியல் என்பது இருவழி. இண்டிகேட்டரைப் பூஜ்யமாக்கும் கட்டளையை எழுத்தாக அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும் இண்டிகேட்டர்கள் உண்டு. ஆலை வைஃபையின் கடவுச்சொல் லாரி டிரைவர்கள்வரை தெரிந்த ரகசியம். 2015 டிசம்பரில் உக்ரைனில் மின்விநியோகத்தைத் தாக்கியவர்கள், துணை மின்நிலையங்களில் இருந்த இதே ஜாதிப் பெட்டிகளின் உள்மென்பொருளை அழித்துவிட்டுப் போனார்கள். மையத்திலிருந்து கட்டுப்படுத்த வழியில்லாமல் ஆட்கள் நேரில் போய்க் கையால் சுவிட்ச் போட வேண்டி வந்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள். நம் ஆலைக்கு அந்த அளவு எதிரி கிடையாது, ஆனால் எடை விஷயத்தில் ஆசை யாருக்கும் வரலாம்.

நான் செய்தது ரொம்பப் பழைய வைத்தியம். இண்டிகேட்டருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள ஒன்றரை மீட்டர் கேபிளில் இரண்டே இரண்டு கம்பிதான் ஒட்டினேன்: இண்டிகேட்டர் அனுப்பும் கம்பி, தரைக் கம்பி. பெட்டியிலிருந்து இண்டிகேட்டருக்குப் போகும் கம்பியே இல்லை. நெட்வொர்க்கில் யார் எந்தக் கட்டளை கொடுத்தாலும் அது பெட்டியோடு நின்றுவிடும். அத்தோடு பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன், ஃபைபரை வைஃபை ரவுட்டரில் சேர்க்காமல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தனி லேன் கார்டு போட்டு அதில் செருகினேன்.

கடைசியாக எர்த். ஃபைபர் போட்டதால் ஆபீஸ் தப்பித்தது, வாசல் அறைக்கு அந்தக் கவசம் இல்லை. அங்கே கரண்ட் லைன் வழியாகவும் மின்னல் வரும். அறைக்குப் பின்னால் இருந்த எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தோம். நம் பக்கத்து மண் தெரியுமே, மேலே செம்மண், கொஞ்சம் இறங்கினால் செம்பூரான்கல். சித்திரை வெயிலில் குழி பொரிகடலை மாதிரிக் காய்ந்து கிடந்தது. காய்ந்த மண்ணில் குழாய் நட்டிருப்பதும் நடாமல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குழியை ஆழப்படுத்தி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்ற ஒரு குழாய் வைத்து மூடினோம். மேடையின் இரும்பையும், இண்டிகேட்டர் எர்த்தையும், வோல்டேஜ் திடீரென்று எகிறினால் தடுப்பதற்காகச் சுவிட்ச் போர்டில் புதிதாக மாட்டிய சர்ஜ் தடுப்பானையும் அந்த ஒரே எர்த்தில் சேர்த்துக் கட்டினேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது அக்காவின் பொறுப்பு. "செடிக்கு ஊத்துற மாதிரி ஊத்துறேன், என்ன காய்க்கும்னுதான் தெரியல" என்றார்.

செலவில் பெரும்பகுதி பெட்டிக்கும் ஃபைபருக்கும் போகவில்லை. எர்த் குழி வெட்டின கூலிதான் அதிகம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி மறுபடி நல்ல இடி. காலையில் போன் வரும் என்று தெரியும், வந்தது. எடை வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசல் அறை மீடியா கன்வெர்ட்டரின் அடாப்டர் மட்டும் கருகியிருந்தது. அதற்கென்றே ஓர் உபரி அடாப்டர் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டிருந்தேன். எடுத்து மாட்டினேன், லைட் எரிந்தது, ஆபீஸில் எடை ஓடியது. இண்டிகேட்டர், சீரியல் பெட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டர் மூன்றுக்கும் ஒன்றுமில்லை. வாசலில் முதல் லாரி நிற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கிளம்பும்போது அக்கா கேட்டார். "முன்னெல்லாம் இடி இடிச்சா பொட்டிக்குப் பின்னாடி வயரைப் புடுங்குவேன். இப்ப எதைப் புடுங்கணும்?"

ஃபைபர்ல மின்னல் வராதுக்கா, அதைப் புடுங்க வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே சுவரிலிருந்த பிளக் பாயிண்டைக் காட்டி, "அப்ப இதைப் புடுங்குறேன்" என்றார். சரி என்றேன்.